செய்தித்தாளின் விலையை யார் தருகிறார்?

காலையில் வீட்டு வாசலில் வந்து விழும் செய்தித்தாளின் விலை என்ன என்று பார்த்திருக்கிறீர்களா? முதல் பக்கத்தில், இதழின் பெயருக்கு அருகே, சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பத்து ரூபாய்க்குள் அடங்கிவிடும். அந்தச் சிறு தொகையிலும் முகவருக்கு ஒரு பங்கு உண்டு. விடியுமுன் மிதிவண்டியில் வந்து போட்டுச் செல்பவருக்கு ஒரு பங்கு உண்டு. எஞ்சிய காசைக் கொண்டு தாள் வாங்கி, மை வாங்கி, இரவெல்லாம் அச்சிட்டு, வண்டியேற்றி அனுப்ப வேண்டும். செய்தியாளர், புகைப்படக்காரர், பிழை திருத்துவோர், அச்சுக்கூடத்தார் ஆகிய அனைவருக்கும் மாதந்தோறும் ஊதியமும் தர வேண்டும். இயலுமா?

இனி உங்கள் பள்ளிப்பையில் உள்ள கோடிட்ட நோட்டுப் புத்தகத்தின் விலையைப் பாருங்கள். அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஆயினும் அதன் விலை செய்தித்தாளின் விலையைப் போல் பல மடங்கு. எழுதாத தாளுக்கு விலை மிகுதி, எழுதிய தாளுக்கு விலை குறைவு என்பது விந்தையாக இல்லையா? தாளின் தரம் வேறு என்பது உண்மையே. அந்த வேறுபாடு மட்டும் இதற்கு விடையாகாது. படித்து முடித்த தாள்களைக் கட்டி வைத்தால், உங்கள் ஊரில் கபாடிவாலா என்று அழைக்கப்படுபவர் எடை போட்டு அதற்கும் காசு தருகிறார். அப்படியானால் செய்தியின் விலைதான் என்ன?

விடை, தாளைப் புரட்டினால் தெரிந்துவிடும். நகைக்கடை, அடுக்குமாடி வீடு, பயிற்சி மையம், கைப்பேசி, கார், அரசின் நலத்திட்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் விளம்பரங்கள். தாளின் செலவில் பெரும்பகுதியை அவையே தருகின்றன. வாசகர் தருவது ஒரு சிறு பங்கு. ஆகவே ஒரு செய்தித்தாள் இரண்டு பொருள்களை விற்கிறது எனலாம். செய்தியை வாசகருக்கு விற்கிறது. வாசகரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்கிறது. இரண்டாவது விற்பனையில்தான் வருவாய் மிகுதி. வாசகருக்குத் தெரியாமலே அவருடைய கண்கள் விலைபோகின்றன என்று கடுமையாகச் சொல்வோரும் உண்டு. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரட்டை விற்பனையைப் புரிந்துகொள்ளாமல் ஊடகத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

'விளம்பரம்' என்னும் சொல்லை முதலில் பார்ப்போம். விளம்புதல் என்றால் வெளிப்படச் சொல்லுதல். கன்னியாகுமரி மாவட்டத்தில் பந்தியில் உணவு பரிமாறுவதையும் விளம்புதல் என்பர். அப்பகுதியைச் சேர்ந்த பாட்டி, தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். சொல்லைப் பரிமாறினாலும் சோற்றைப் பரிமாறினாலும் வினை ஒன்றே. பழந்தமிழகத்திலும் விளம்பரம் இருந்தது. மணிமேகலையின் முதற்காதைக்கு விழாவறை காதை என்று பெயர். யானையின் மேல் முரசை ஏற்றி, இந்திர விழா நடைபெறப் போவதை நகருக்கு அறிவிக்கும் காட்சி அதில் வருகிறது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் கடைத்தெருவில் பறந்த கொடிகளைக் கூறுகின்றன. கள் விற்கும் இடத்திலும் கொடி பறந்தது. இங்கே இது உண்டு, இன்னது நடக்கப்போகிறது என்பதை மட்டுமே அவை கூறின. வேண்டாதவரையும் வேண்டச் செய்யும் கலை பின்னாளில் வந்தது.

இந்தியாவில் அச்சிட்ட முதல் செய்தித்தாள் 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் வெளிவந்தது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் நடத்திய வார இதழ் அது. பெங்கால் கெஜட் என்று நாம் சுருக்கி அழைத்தாலும், அதன் முழுப்பெயரில் 'கல்கத்தா ஜெனரல் அட்வர்டைசர்' என்பதும் சேர்ந்திருந்தது. அட்வர்டைசர் என்றால் விளம்பரம் செய்வது. நம் நாட்டின் முதல் செய்தித்தாள் பிறக்கும்போதே விளம்பரம் என்னும் பெயரைச் சூடிக்கொண்டுதான் பிறந்தது. தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவரைச் சார்ந்தோரையும் ஹிக்கி கடுமையாகத் தாக்கி எழுதினார். சிறைக்குச் சென்றார். 1782ஆம் ஆண்டில் அவருடைய அச்சுப்பொறி கைப்பற்றப்பட்டு இதழ் நின்றது.

சென்னையில் 1878ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தி இந்து நாளிதழை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். அதன் முதல் பக்கத்தில் 1958ஆம் ஆண்டு வரை செய்தி வரவில்லை. விளம்பரமே வந்தது. அக்காலத்துப் பல நாளிதழ்களின் வழக்கம் அதுவே. வாசகர் முதல் பக்கத்தைத் திருப்பிவிட்டு உள்ளே சென்று செய்தி படித்தார். இன்று பண்டிகை நாளில் முதல் பக்கம் முழுவதும் விளம்பரமாக வந்தால், "பழைய காலம் திரும்பிவிட்டது" என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வது இதனால்தான். ஒரு வேறுபாடு உண்டு. அன்று விளம்பரமும் செய்தியும் தனித்தனிப் பக்கங்களில் நின்றன. எது எது என்பதில் ஐயம் எழவில்லை.

விளம்பரமே வேண்டாம் என்று ஒருவர் துணிந்ததும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய இந்தியன் ஒப்பீனியன் 1903ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் அது வெளிவந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்கள் அங்கே மிகுதி. ஆகவே தமிழ்ப் பகுதியும் இருந்தது. தொடக்கத்தில் அவ்விதழ் விளம்பரங்களை ஏற்றது. பின்னர் காந்தியடிகள் அவற்றை நிறுத்தினார். ஏன் நிறுத்தினார் என்பதைத் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் அவரே விளக்கியிருக்கிறார்.

இதழின் நல்ல பணியாளர்கள் சிலர் விளம்பரம் கேட்டு அலைவதிலும், கொடுத்தவரிடம் பணம் வசூலிப்பதிலும் காலத்தைக் கழிக்க வேண்டியிருந்தது. விளம்பரம் தருவோர் முகத்துதியையும் எதிர்பார்த்தனர். எல்லாவற்றினும் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஒரு விளம்பரம் தகாதது என்று தோன்றினாலும், அதைக் கொடுத்தவர் சமூகத்தில் பெரிய மனிதராக இருந்தால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அவர் மனம் வருந்துவார். அதற்காகவே தகாததையும் அச்சிட நேர்ந்தது. இதழ் மக்களுக்குத் தேவை என்றால் மக்களே சந்தா கட்டி அதைத் தாங்கட்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இந்தியா திரும்பிய பின் அவர் நடத்திய யங் இந்தியா, நவஜீவன் ஆகிய இதழ்களும் விளம்பரமின்றியே வந்தன.

இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது, 'பெரிய மனிதர் மனம் வருந்துவார்' என்ற அச்சத்தை. யாரும் மிரட்டவில்லை, யாரும் தடை விதிக்கவில்லை. இருந்தும் இதழாசிரியரின் கை தயங்குகிறது. விளம்பரத்தின் செல்வாக்கு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு செய்தி தவறாக எழுதப்படுவதைக் காட்டிலும், எழுதப்படாமல் போவதே மிகுதி. தவறாக எழுதியதை நாம் கண்டுபிடிக்கலாம். எழுதாததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பயிற்சி மையம் வாரந்தோறும் முழுப்பக்க விளம்பரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே படிக்கும் மாணவர்களின் குறைகளை ஒரு செய்தியாளர் எழுதிக்கொண்டு வருகிறார். அந்தச் செய்தி முதல் பக்கத்தில் வருமா, உள்பக்கத்தில் நான்கு வரியாக வருமா, வரவே வராதா? ஆசிரியரின் நேர்மையைப் பொறுத்தது என்பீர்கள். உண்மை. அந்த நேர்மைக்கு அவர் எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எல்லா இதழ்களும் காந்தியடிகளின் வழியைப் பின்பற்ற இயலாது. அதற்கு நேர்மாறான கதையும் உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்னும் ஆந்திரர் 1893ஆம் ஆண்டில் பம்பாயில் ஒரு தலைவலித் தைலத்தைத் தயாரிக்கத் தொடங்கினார். நம் வீடுகளில் இன்றும் இருக்கும் அமிர்தாஞ்சனமே அது. அதில் ஈட்டிய பொருளைக் கொண்டு, 1908ஆம் ஆண்டில் அதே பம்பாயில் ஆந்திர பத்திரிகை என்னும் தெலுங்கு இதழைத் தொடங்கினார். பின்னர் அது சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. விடுதலை இயக்கத்துக்கும் துணை நின்றது. பிழைப்புக்காக வெளியூர் சென்ற ஒருவர், தைலம் விற்ற காசில் தாய்மொழிக்கு இதழ் கண்டார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்தச் செய்தி இனிப்பதில் வியப்பில்லை. வணிகப் பணம் என்றாலே தீது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

உச்ச நீதிமன்றமும் இதனை ஆராய்ந்திருக்கிறது. செய்தித்தாளின் பக்க எண்ணிக்கைக்கு ஏற்ப விலையை அரசே வரையறுக்கவும், விளம்பரத்துக்கு ஒதுக்கும் இடத்தைக் கட்டுப்படுத்தவும் 1956ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பெரிய இதழ்கள் சிறிய இதழ்களை விழுங்கிவிடாமல் காப்பதே நோக்கம் என்று அரசு கூறியது. புணேயிலிருந்து வரும் சகாள் என்னும் மராத்தி நாளிதழ் வழக்குத் தொடுத்தது. விளம்பரத்தைக் குறைத்தால் விலை ஏறும்; விலை ஏறினால் வாங்குவோர் குறைவர்; வாங்குவோர் குறைந்தால் கருத்துப் பரவுவது தடைப்படும்; ஆகவே இது பேச்சுரிமையைப் பாதிக்கிறது என்று நீதிமன்றம் 1961ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 1995ஆம் ஆண்டில் டாட்டா பிரஸ் வழக்கில், வணிக விளம்பரமும் பேச்சுரிமையின் ஒரு பகுதியே என்று அதே நீதிமன்றம் கூறியது.

விளம்பரம் தருவோருள் மிகப் பெரியவர் யார் தெரியுமா? பல இதழ்களுக்கு, குறிப்பாக மாநில மொழிகளில் வரும் சிறு இதழ்களுக்கு, அரசுதான். ஒப்பந்தப்புள்ளி, வேலைவாய்ப்பு அறிவிப்பு, நலத்திட்டச் செய்தி என்று அரசின் விளம்பரங்கள் பல. அவற்றைத் தருவதும் நிறுத்துவதும் அரசின் கையில் இருக்கின்றன. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை நிலவிய காலத்தில், செய்தித்தாள்களை நட்பானவை, நடுநிலையானவை, பகையானவை என வகைப்படுத்தி அதற்கேற்ப அரசு விளம்பரங்களை வழங்கினார்கள். இது 1977ஆம் ஆண்டில் அடுத்து வந்த அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் பதிவாகியுள்ளது. தணிக்கையாளரின் சிவப்பு மையைக் காட்டிலும் இது அமைதியான ஆயுதம். அரசு விளம்பரங்கள் ஆளுங்கட்சியின் புகழ்பாட்டு ஆகிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் நெறிமுறைகளை வகுத்தது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோரின் படங்களே இடம்பெறலாம் என்று முதலில் கூறி, மறு ஆண்டில் முதலமைச்சர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் ஆகியோரின் படங்களுக்கும் இசைவு அளித்தது.

வானொலியின் கதை வேறு வகையானது, கேட்க இனியது. 1950களில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அவை மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று அப்போதைய அமைச்சர் பி.வி. கேஸ்கர் கருதினார். மக்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றார்கள். அங்கே வணிகச் சேவை இருந்தது. விளம்பரப் பணத்தில் பாட்டு ஒலித்தது. தமிழ்நாட்டு வீடுகளில் அதன் தமிழ்ச் சேவை ஒலித்தது. வடநாட்டில் 1952ஆம் ஆண்டு முதல் அமீன் சயானி தொகுத்து வழங்கிய பினாகா கீத்மாலாவுக்காக மக்கள் காத்திருந்தனர். பினாகா என்பது ஒரு பற்பசையின் பெயர். ஒரு பற்பசை நிறுவனத்தின் பணத்தோடு நாட்டின் அரசு வானொலி போட்டியிட வேண்டியதாயிற்று. 1957ஆம் ஆண்டில் விவித்பாரதி பிறந்தது. 1967ஆம் ஆண்டில் அதுவும் விளம்பரங்களை ஏற்கத் தொடங்கியது. மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் முடிவு செய்தார். விளம்பரதாரரின் பணம் அதை மாற்றியது. இருவருள் யார் பக்கம் நியாயம் என்று வகுப்பில் சொற்போர் நடத்தலாம். நான் அமைச்சரின் பக்கம் நிற்கமாட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொலைக்காட்சிக்கு 1976ஆம் ஆண்டில் விளம்பரம் வந்தது. 1984ஆம் ஆண்டில் தூர்தர்ஷனில் தொடங்கிய ஹம் லோக் தொடர், குடும்ப நலம், பெண்களின் நிலை போன்ற கருத்துகளைக் கதை வழியாகப் பரப்பும் நோக்குடன் உருவானது. பொருளுதவி செய்தது ஒரு நூடுல்ஸ் நிறுவனம். அறிவுரை மிகுந்த தொடக்கப் பகுதிகளை மக்கள் விரும்பவில்லை. ஆகவே அறிவுரை குறைந்து கதை கூடியது. தொடர் வெற்றி பெற்றது. இரண்டே நிமிடத்தில் வேகும் அந்த உணவும் இந்திய அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. உங்களுள் பலருடைய மாலைச் சிற்றுண்டிக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

தனியார் அலைவரிசைகள் பெருகிய பின் 'டி.ஆர்.பி.' என்னும் சொல் வந்தது. நாட்டிலுள்ள கோடிக்கணக்கான வீடுகளுள் சில பத்தாயிரம் வீடுகளில் மட்டும் ஒரு கருவியைப் பொருத்தி, அவர்கள் எந்த அலைவரிசையை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணே விளம்பரக் கட்டணத்தை முடிவு செய்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற முறைதான். ஆனால் பதம் பார்க்கும் சோற்றையே யாரேனும் தனியாக வேகவைத்துவிட்டால்? 2020ஆம் ஆண்டில் அத்தகைய முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. செய்தி அலைவரிசைகளுக்கான கணக்கீட்டையே நிறுத்திவைத்து, 2022ஆம் ஆண்டில்தான் மீண்டும் வெளியிட்டார்கள். செய்தி விவாதங்களில் ஏன் அத்தனை கூச்சல் என்று உங்கள் தந்தையார் சலித்துக்கொண்டால் இந்தக் கணக்கை அவருக்கு எடுத்துரையுங்கள். கூச்சல் கவனத்தை ஈர்க்கிறது, கவனம் எண்ணாகிறது, எண் பணமாகிறது.

விளம்பரம் செய்தியின் பக்கத்தில் நிற்பது ஒன்று. செய்தியின் உடையை அணிந்துகொண்டு வருவது மற்றொன்று. 2009ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது சில செய்தித்தாள்களில் வேட்பாளர்களைப் புகழ்ந்து வந்த 'செய்திகள்' உண்மையில் பணம் பெற்றுக்கொண்டு அச்சிடப்பட்டவை என்று பத்திரிகையாளர்களே வெளிப்படுத்தினர். வெவ்வேறு இதழ்களில் ஒரே கட்டுரை எழுத்து மாறாமல் வந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய பத்திரிகை மன்றம் இருவர் குழுவை அமைத்து ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய 'பணம் பெற்ற செய்தி'க்கான செலவைத் தேர்தல் கணக்கில் காட்டாத குற்றத்துக்காக, உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைத் தேர்தல் ஆணையம் 2011ஆம் ஆண்டில் தகுதிநீக்கம் செய்தது. விளம்பரத்தைப் படிக்கும்போது வாசகர் விழிப்போடு இருப்பார். தன்னைப் பற்றி எவரும் நல்லதாகத்தான் சொல்வார்கள் என்று அறிவார். செய்தியைப் படிக்கும்போது அந்த விழிப்பைத் தளர்த்திக்கொள்கிறார். அந்தத் தளர்வையே இங்கே விற்றார்கள். வாக்களிப்பவர் ஏமாந்தால் அதன் விளைவு ஐந்து ஆண்டுகள் நீடிக்கும்.

உங்கள் வீட்டுத் தாளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நாளைய தாளை எடுத்து, அளவுகோலால் ஒவ்வொரு பக்கத்திலும் விளம்பரம் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறியுங்கள். பின்னர் செய்தி போலத் தோன்றும் பகுதிகளின் மேல்மூலையையும் கீழ்மூலையையும் உற்றுப் பாருங்கள். ஆங்கிலத் தாளாயின் 'அட்வர்டோரியல்' என்றும், இந்தித் தாளாயின் 'விக்ஞாபன்' என்றும் எறும்பளவு எழுத்தில் இருக்கக் காணலாம். அந்த இந்திச் சொல்லே தமிழில் 'விஞ்ஞாபனம்' ஆகும். கட்சிகளின் தேர்தல் அறிக்கையைத் தேர்தல் விஞ்ஞாபனம் என்று எழுதும் வழக்கம் உண்டு. ஒரே சொல் அங்கே விளம்பரத்தையும் இங்கே வாக்குறுதியையும் குறிப்பதை எண்ணி நான் சில வேளைகளில் சிரித்துக்கொள்வதுண்டு.

இதுவரை ஊடகத்தைப் பார்த்தோம். மக்களின் கருத்தை விளம்பரம் எப்படி மாற்றுகிறது? நல்ல திசையிலும் மாற்றியிருக்கிறது. போலியோ சொட்டு மருந்தைப் பற்றி ஊர்களில் அச்சமும் வதந்தியும் பரவியிருந்தன. வாழ்வின் இரு துளிகள் என்று பொருள்படும் இந்தி முழக்கத்துடன் அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குழந்தைகளை அழைத்து வருமாறு கண்டிப்போடு கூறினார். விளம்பரம் மட்டுமே அதைச் சாதிக்கவில்லை. வீடு வீடாக நடந்த பணியாளர்களின் உழைப்பு பெரிது. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடு என்று சான்றளிக்கப்பட்டது.

மற்றொரு திசையும் இருக்கிறது. அது உங்களோடு நேரடித் தொடர்புடையது என்பதால் சற்று விரிவாகக் கூறுகிறேன். வெளிமாநிலப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுள் பலர் தங்கள் நிறத்தைப் பற்றிய கேலியை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். சிலர் அதை வீட்டில் சொல்வதில்லை. கேலி செய்யும் பிள்ளை அந்தக் கருத்தை எங்கிருந்து பெற்றது? நிறத்தைக் கொண்டு உயர்வு தாழ்வு காண்பது விளம்பரத்துக்கு முன்னரே இருந்தது. அந்தப் பழியை முழுவதும் விளம்பரத்தின் மேல் சுமத்த இயலாது. ஆனால் இருந்த எண்ணத்துக்கு விளம்பரம் நீர் ஊற்றி வளர்த்தது.

1975ஆம் ஆண்டில் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் முகப்பூச்சு இந்தியாவில் அறிமுகமாயிற்று. அதற்கும் அதைப் பின்பற்றி வந்த பிற முகப்பூச்சுகளுக்கும் வந்த விளம்பரங்களின் கதை பெரும்பாலும் ஒன்றே. மாநிறப் பெண் ஒருத்தி சோர்ந்து அமர்ந்திருப்பாள். வேலை கிடைக்காது, அல்லது மாப்பிள்ளை வீட்டார் மறுப்பார்கள். ஒரு குழல் கைக்கு வரும். சில வாரங்களில் முகம் வெளுக்கும். உடனே வேலையும் மாப்பிள்ளையும் வந்து நிற்பர். முப்பது நொடிக் கதைதான். ஒரு சிறுமி வளர்ந்து கல்லூரிக்குச் செல்வதற்குள் இதை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று எண்ணுங்கள். அவள் அந்த முகப்பூச்சை வாங்காமலே இருந்திருக்கலாம். ஆயினும் கதை அவள் மனத்தில் தங்கிவிடும். பொருளை வாங்காதவரிடமும் கருத்தை விற்றுவிடுவதே விளம்பரத்தின் தனி ஆற்றல். அவளைப் பெண் பார்க்க வருபவர்களும், அவளுக்கு நேர்முகத் தேர்வு நடத்துபவரும், பக்கத்து இருக்கையில் அமரும் மாணவனும் அதே கதையைப் பார்த்தவர்களே.

சங்க இலக்கியத்தைப் படிக்கும்போது வேறோர் உலகம் தெரியும். அங்கே தலைவியின் மேனியழகுக்கு மாமை என்று பெயர். அது மாந்தளிரின் நிறம். பளபளப்பான பழுப்பு நிறம். தலைவன் பிரிந்து சென்றால் அந்த மாமை கெட்டு மேனி வெளிறும். அந்த வெளிறலுக்குப் பசலை என்று பெயர். தோழி அதைக் கண்டு கலங்குவாள். தாய் கண்டு ஐயுறுவாள். நம் பழம்பாட்டிகளின் காலத்தில் மேனி வெளுத்தல் நோயின் அறிகுறி. மருந்து தேட வேண்டிய நிலை. இன்று அதையே குழலில் அடைத்து விற்கிறார்கள்.

எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் முறையீட்டை அடுத்து, இத்தகைய விளம்பரங்கள் சிலவற்றைத் தொலைக்காட்சியிலிருந்து நீக்க 2003ஆம் ஆண்டில் அரசு நடவடிக்கை எடுத்தது. கருமையும் அழகே என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் 2009ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குத் துணை நின்றார். விளம்பரத் துறையினர் 1985ஆம் ஆண்டில் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம், நிறம் குறைந்தவரை மகிழ்ச்சியற்றவராகவோ தோல்வியுற்றவராகவோ காட்டக் கூடாது என்று 2014ஆம் ஆண்டில் விதி வகுத்தது. 2020ஆம் ஆண்டில் அந்த முகப்பூச்சின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது. குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. அதே ஆண்டில் திருமண இணையதளம் ஒன்று, மணமக்களை நிறத்தைக் கொண்டு சலித்தெடுக்கும் வசதியை எடுத்துவிட்டது.

இப்போது விளம்பரம் செய்தித்தாளிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் உங்கள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் ஓர் அக்கா ஒரு முகப்பூச்சைத் தடவிக் காட்டி, "நான் தினமும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்" என்கிறார். அவர் நடிகை அல்லர். நம் வீட்டுப் பெண் போலப் பேசுகிறார். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்பவர், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று மைய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம்.

அடுத்த முறை அத்தகைய காணொளியைக் காணும்போது அந்த அறிவிப்புச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சில இடங்களில் முதல் வரியிலேயே இருக்கும். சில இடங்களில் நாற்பது குறிச்சொற்களுக்குப் பின்னால், விரலால் தள்ளித் தள்ளிச் சென்றால் கிடைக்கும். முகப்பூச்சு விளம்பரமாயின், 'வெண்மை' என்ற சொல் இருந்த இடத்தில் இப்போது 'பொலிவு' என்ற சொல் இருப்பதையும், படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தப் பெண்ணின் முகத்தின் மேல் ஒளி எப்படி விழுகிறது என்பதையும் பார்த்து வந்து வகுப்பில் கூறுங்கள்.